சிறாருடன் பணிபுரிவோருக்கு எந்தப் பாதுகாப்புப் பயிற்சி பொருத்தமானது?

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற ஒரு தோட்டப் பட்டணத்தில், காலையில் வீட்டை விட்டுக் கிளம்பும் ஒரு பிள்ளை இரவு திரும்புவதற்குள் பல பெரியவர்களின் பொறுப்பில் இருந்துவிட்டு வருகிறது. அம்மாவும் அப்பாவும் விடியுமுன்னே ரப்பர் மரம் சீவவோ, செம்பனைத் தோட்டத்துக்கோ, தொழிற்சாலையின் காலை ஷிப்டுக்கோ புறப்பட்டுவிட, கைக்குழந்தை தாஸ்கா என்னும் பிள்ளை பராமரிப்பு மையத்திலோ பக்கத்து வீட்டு ஆயாவிடமோ விடப்படுகிறது. அடுத்தது பாலர் பள்ளிக்குப் போகிறது. மூத்தது வேனில் ஏறித் தமிழ்ப்பள்ளிக்குப் போய், மதியத்துக்குப் பின் டியூஷன், மாலையில் சிலம்பமோ பரதமோ காற்பந்தோ, வெள்ளிக்கிழமை கோயிலில் தேவார வகுப்பு என்று சுற்றி வருகிறது. இந்தப் பெரியவர்களில் ஆசிரியப் பயிற்சி பெற்றவர்கள் சிலரே. மற்றவர்கள் நல்ல மனத்தோடு, சம்பளம் இல்லாமலோ சிறு தொகைக்கோ உழைப்பவர்கள். ஒரு பிள்ளைக்குத் தீங்கு நேரும்போது அதை முதலில் கவனிக்கக்கூடியவர்களும், பிள்ளையின் வாயால் முதலில் கேட்கக்கூடியவர்களும் இவர்கள்தாம். ஆகவே சிறார் பாதுகாப்புப் பயிற்சி இவர்கள் அனைவருக்கும் வேண்டும். ஆனால் எல்லாருக்கும் ஒரே பயிற்சி பொருந்தாது. யாருக்கு எது பொருந்தும், ஒரு பயிற்சி நல்லதா என்பதை ஏற்பாடு செய்பவர் எப்படிக் கண்டுகொள்வது என்பவற்றை, இதுவரை இத்தகைய பயிற்சியைப் பார்த்திராதவர்களுக்காக இங்கே விளக்குகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். பள்ளிகளிலும் கோயில் மண்டபங்களிலும் பிள்ளைகளை உட்கார வைத்து, நல்ல தொடுதல் எது, கெட்ட தொடுதல் எது, யாராவது தொந்தரவு செய்தால் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லித்தரும் நிகழ்ச்சிகள் நடக்கின்றன. அவை தேவைதான், ஆனால் இங்கே பேசப்படுவது அதுவல்ல. அத்தகைய நிகழ்ச்சி முடிந்த மறுநாள் ஒரு பிள்ளை தைரியத்தைத் திரட்டிக்கொண்டு வாய் திறந்தால், அதைக் கேட்கும் பெரியவருக்கு அடுத்து என்ன செய்வது என்று தெரிந்திருக்க வேண்டும். தெரியாமல் அவர் பதறினாலோ, அதட்டினாலோ, பேச்சை மாற்றினாலோ அந்தப் பிள்ளை மறுபடியும் வாய் திறக்கப் பல ஆண்டுகள் ஆகலாம். எனவே பெரியவர்களுக்கான பயிற்சி முன்னும் பிள்ளைகளுக்கான நிகழ்ச்சி பின்னும் நடப்பதே சரியான வரிசை என்பது என் உறுதியான கருத்து. முதலுதவி வகுப்பும் தன்முனைப்புப் பேச்சும் இதற்கு ஈடாகமாட்டா என்பதைச் சொல்லத் தேவையில்லை.

பெரியவர்களுக்கான பயிற்சியின் உள்ளடக்கம் பெயரளவில் எங்கும் ஏறக்குறைய ஒன்றுதான். பிள்ளைக்குத் தீங்கு நடப்பதைக் காட்டும் அறிகுறிகளைக் கவனிப்பது, பிள்ளை சொல்வதைக் கெடுக்காமல் கேட்பது, கேட்டதை உரிய இடத்தில் உடனே சேர்ப்பது, தம் சொந்த நடத்தையை யாரும் ஐயுறாத வரம்புக்குள் வைத்துக்கொள்வது ஆகியவற்றைப் பற்றியே எல்லாப் பயிற்சிகளும் பேசுகின்றன. எவ்வளவு ஆழமாகப் பேசுகின்றன, எந்த நாட்டுச் சட்டத்தை வைத்துப் பேசுகின்றன, பங்கேற்பவரை வாய் திறந்து பழகவைக்கின்றனவா என்பவற்றில்தான் வேறுபாடு வருகிறது.

சட்டம் யாரைக் கட்டுப்படுத்துகிறது?

பயிற்சியைத் தேர்ந்தெடுக்குமுன் நம் நாட்டுச் சட்டத்தின் சில பிரிவுகளையாவது ஏற்பாட்டாளர் தெரிந்துகொள்வது நல்லது. 2001ஆம் ஆண்டின் சிறார் சட்டம், அதாவது சட்டம் 611, 18 வயதுக்குட்பட்ட அனைவரையும் சிறார் என்று கொள்கிறது. அச்சட்டத்தின் 27ஆவது பிரிவு மருத்துவர்களுக்கும், 28ஆவது பிரிவு குடும்பத்தினருக்கும், 29ஆவது பிரிவு பிள்ளை பராமரிப்பாளர்களுக்கும் ஒரு கடமையை விதிக்கிறது. ஒரு பிள்ளை உடலாலோ மனத்தாலோ துன்புறுத்தப்பட்டதாக, புறக்கணிக்கப்பட்டதாக அல்லது பாலியல் கொடுமைக்கு உள்ளானதாக நம்புவதற்கு நியாயமான காரணம் இருந்தால், அவர்கள் அதைச் சமூக நல அதிகாரிக்கு உடனே தெரிவித்தாக வேண்டும். தெரிவிக்காமல் விடுவது குற்றம். முழு நிரூபணம் கையில் கிடைக்கும்வரை காத்திருக்கச் சட்டம் சொல்லவில்லை. நம்புவதற்கு நியாயமான காரணம் இருந்தால் போதும். உண்மையைக் கண்டறிவது அதிகாரிகளின் வேலை.

இங்கே தோட்டப்புறத்துக்கு மிகவும் பொருந்தும் ஒரு நுணுக்கம் உண்டு. 1984ஆம் ஆண்டின் பிள்ளை பராமரிப்பு மையச் சட்டத்தின்படி, நான்கு வயதுக்குட்பட்ட நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட பிள்ளைகளைக் கட்டணம் பெற்றுப் பார்த்துக்கொள்ளும் இடம் தாஸ்காவாகப் பதிவுபெற வேண்டும். லயத்து வீட்டில் இரண்டு பிள்ளைகளை மட்டும் வைத்துப் பார்த்துக்கொள்ளும் ஆயா இந்தப் பதிவு விதிக்குள் வருவதில்லை. ஆனால் சிறார் சட்டமோ, ஒரே ஒரு பிள்ளையை, எவ்வளவு குறுகிய நேரத்துக்கானாலும், கூலி பெற்றுப் பார்த்துக்கொள்பவரையும் பராமரிப்பாளர் என்றே சொல்கிறது. ஆகவே பதிவு தேவையில்லாத அந்த ஆயாவுக்கும் தகவல் தெரிவிக்கும் கடமை உண்டு. பெரும்பாலான ஆயாக்களுக்கு இதை யாரும் சொன்னதே இல்லை. பட்டணத்தில் பயிற்சி ஏற்பாடு செய்பவர்கள் முதலில் அழைக்கவேண்டியவர்கள் அவர்கள்தாம் என்பேன்.

கூலி பெறாத தொண்டூழியர்களை 29ஆவது பிரிவு தொடுவதில்லை. ஆனால் பாலியல் குற்றம் என்று வந்துவிட்டால் 2017ஆம் ஆண்டின் சிறாருக்கு எதிரான பாலியல் குற்றங்கள் சட்டம், அதாவது சட்டம் 792, யாரையும் விட்டுவைப்பதில்லை. அதன் 19ஆவது பிரிவின்படி, குற்றம் நடந்ததையோ நடத்தத் திட்டமிடுவதையோ அறிந்தும் தகவல் கொடுக்காத எவருக்கும் 5,000 ரிங்கிட் வரை அபராதம் விதிக்கலாம். பிள்ளையோடு நம்பிக்கை உறவில் இருப்பவர், அதாவது பெற்றோர், உறவினர், ஆசிரியர், பயிற்றுநர், பராமரிப்பாளர் போன்றவர், அத்தகைய குற்றத்தைச் செய்தால் 16ஆவது பிரிவு வழக்கமான தண்டனைக்கு மேல் ஐந்தாண்டு வரையிலான கூடுதல் சிறையையும் பிரம்படியையும் விதிக்கிறது. பிள்ளையைப் பாலியல் நோக்கத்தோடு சிறிது சிறிதாக வசப்படுத்தும் குரூமிங்கும் இந்தச் சட்டத்தில் தனிக் குற்றம். இவற்றை ஒரு தடவைகூடப் பெயர் சொல்லிக் குறிப்பிடாத பயிற்சி, எவ்வளவு அழகாக நடத்தப்பட்டாலும், மலேசியாவில் வேலை செய்பவருக்குப் பாதிப் பயிற்சிதான்.

வெளிநாட்டு இணையப் பயிற்சிகளைப் பற்றிய எச்சரிக்கையும் இதனால்தான். குறைந்த கட்டணத்தில் வீட்டிலிருந்தே முடித்துச் சான்றிதழை அச்சிட்டுக்கொள்ளும்படியான பிரிட்டிஷ் பயிற்சிகள் இணையத்தில் நிறைய உள்ளன. தீங்கின் வகைகளையும் அறிகுறிகளையும் அவற்றில் பல தெளிவாகவே விளக்குகின்றன. அந்தப் பகுதியைப் பார்ப்பதால் நன்மைதான். ஆனால் யாரிடம் தெரிவிப்பது என்ற இடத்துக்கு வந்ததும், அங்குள்ள உள்ளாட்சி மன்றத்தின் சிறார் நலப் பிரிவைக் கூப்பிடச் சொல்கின்றன. நம் ஊரில் அப்படி ஒரு கதவே இல்லை. இங்கே அழைக்கவேண்டியது 24 மணி நேரமும் இயங்கும் 15999 தாலியான் காசே என்னும் அரசாங்க உதவித் தொலைபேசி எண். உடனடி ஆபத்து என்றால் 999. நேரில் என்றால் காவல் நிலையம் அல்லது மாவட்டச் சமூக நல அலுவலகம். சுங்கை சிப்புட் கோலகங்சார் மாவட்டத்தைச் சேர்ந்தது என்பதால் சமூக நலத் துறையின் தொடர்பும் அம்மாவட்டத்தின் வழியே அமைகிறது. பயிற்சி முடிந்து வெளியே வருபவரை நிறுத்தி, நாளைக் காலை ஒரு பிள்ளை உங்களிடம் சொன்னால் யாரைக் கூப்பிடுவீர்கள் என்று கேட்டால், அவர் தயங்காமல் பதில் சொல்ல வேண்டும்.

வேலைக்கு ஏற்ற அளவு

பிள்ளைக்கும் பெரியவருக்கும் இடையில் எவ்வளவு நெருக்கம், எவ்வளவு தனிமை, எவ்வளவு அதிகாரம் இருக்கிறது என்பதைப் பார்த்தே பயிற்சியின் அளவை முடிவுசெய்ய வேண்டும். பதவியின் பெயரையும் படிப்பையும் பார்த்து முடிவுசெய்வது சரியாக வராது. பள்ளிச் சிற்றுண்டிச்சாலை அம்மா, காவலர், கோயில் திருவிழாவில் அன்னதானம் பரிமாறும் இளைஞர் போன்றோர் பிள்ளைகளை நாள்தோறும் பார்ப்பவர்கள், ஆனால் தனியாக நெடுநேரம் இருப்பவர்கள் அல்லர். இவர்களுக்கு இரண்டு அல்லது மூன்று மணி நேர அடிப்படைப் பயிற்சி போதும். எதைக் கவனிப்பது, எதைச் செய்யக்கூடாது, யாரிடம் சொல்வது என்ற மூன்றும் மனத்தில் பதிந்தால் அதன் நோக்கம் நிறைவேறிவிட்டது. இந்த அளவுக்கு இணையப் பயிற்சியும் ஏற்கத்தக்கது, சட்டப் பகுதி மலேசியாவுக்கு உரியதாக இருக்கும் பட்சத்தில்.

வேன் ஓட்டுநரை நான் இந்த வரிசையில் சேர்க்கமாட்டேன். கடைசி நிறுத்தத்தில் இறங்கும் பிள்ளையோடு தோட்டத்துச் செம்மண் பாதையில் அவர் தனியாகத்தான் போகிறார். அந்தப் பிள்ளை வீட்டுக்குப் போக அழுது அடம்பிடிப்பதையும், பேசிக்கொண்டே வந்த பிள்ளை சில வாரங்களாக வாய் மூடிக்கொண்டதையும் முதலில் பார்ப்பவரும் அவர்தான். டியூஷன் ஆசிரியர், தாஸ்கா பராமரிப்பாளர், தேவார ஆசிரியர், சிலம்ப ஆசான், நடன ஆசிரியை, காற்பந்துப் பயிற்றுநர் ஆகியோரோடு அவரையும் சேர்த்து, ஒரு முழு நாளாவது நேரில் நடக்கும் பயிற்சிக்கு அனுப்ப வேண்டும். தாஸ்கா பராமரிப்பாளர்கள் குர்சுஸ் அசுஹான் பெர்மாத்தா என்னும் பயிற்சியைக் கட்டாயமாக முடிக்கிறார்கள். அது பராமரிப்பு முழுவதையும் தழுவியது என்பதால், தீங்கை எதிர்கொள்வதற்கான செயல்முறைப் பயிற்சியைத் தனியாகச் சேர்த்துக்கொள்வது நல்லது. விளையாட்டுத் துறையில் இருப்போர், இளைஞர் விளையாட்டுத் துறை அமைச்சு 2023இல் வெளியிட்ட பாதுகாப்பான விளையாட்டு நெறிமுறையையும் படிக்க வேண்டும். அரசாங்கப் பள்ளி ஆசிரியர்களுக்குக் கல்வி அமைச்சின் வழிமுறைகள் இருப்பதால் அவர்களைப் பற்றி இங்கு விரிக்கவில்லை.

இந்த இரண்டாம் வகைப் பயிற்சியில் அவரவர் தொழிலின் நுணுக்கம் வரவேண்டும். சிலம்ப ஆசான் மாணவியின் கால் நிலையைத் திருத்தவேண்டியிருக்கிறது. தொட்டுத் திருத்துவதா, கம்பால் காட்டுவதா, தான் நின்று காட்டுவதா? தொடுவதானால் சொல்லிவிட்டுத் தொடுவதா? டியூஷன் ஆசிரியர் தம் வீட்டு முன்கூடத்தில் கதவைத் திறந்துவைத்துப் பாடம் நடத்துகிறாரா, உள்ளறையிலா? இரவில் மாணவரோடு வாட்சாப்பில் தனியாகச் செய்தி பரிமாறுவதா, பெற்றோரும் இருக்கும் குழுவிலா? மழை நாளில் ஒரு பிள்ளையை மட்டும் மோட்டார் சைக்கிளில் ஏற்றிப் போவதற்கு முன் யாரிடம் சொல்லவேண்டும்? இக்கேள்விகளுக்குப் பதில் தராமல் பொதுவாக நல்லொழுக்கம் பேசிவிட்டுப் போகும் பயிற்றுநரால் பயன் குறைவு. பிரம்பைப் பற்றியும் வெளிப்படையாகப் பேச வேண்டும். அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டான் என்று சொல்லியே வளர்ந்த தலைமுறை நம்முடையது. ஆனால் பள்ளியில்கூடத் தலைமையாசிரியரும் அவர் அதிகாரம் அளித்த ஆசிரியரும் மட்டுமே, அதுவும் மாணவர்களை மட்டுமே, பிரம்பால் தண்டிக்க விதி இடம் தருகிறது. மாணவிகளுக்குப் பிரம்படி கூடாது. டியூஷன் ஆசிரியருக்கும் தேவார ஆசிரியருக்கும் அப்படி ஓர் அதிகாரமே கிடையாது.

மூன்றாவது, ஒவ்வோர் அமைப்பிலும் பாதுகாப்புப் பொறுப்பாளர் ஒருவரும் அவருக்குத் துணையாக இன்னொருவரும் இருக்க வேண்டும். இருவரில் ஒருவராவது பெண்ணாக இருப்பது நல்லது. மற்றவர்கள் கவனித்ததைக் கொண்டுவந்து சேர்க்கும் இடம் இவர்களே. பதிவேட்டைப் பூட்டிவைப்பது, சமூக நல அதிகாரியோடும் காவல்துறையோடும் பேசுவது, புதிதாக வருபவரைச் சேர்க்குமுன் விசாரிப்பது, அமைப்புக்குள் இருக்கும் ஒருவர் மேலேயே புகார் வந்தால் அவரை உடனே பிள்ளைகளிடமிருந்து விலக்கிவைப்பது ஆகியவை இவர்களின் பொறுப்பு. இவர்களுக்கு ஒரு நாள் போதாது. குறைந்தது இரண்டு நாள் பயிற்சியும், பிறகு சந்தேகம் வந்தால் பயிற்றுநரை அழைத்துக் கேட்கும் வசதியும் வேண்டும். பொறுப்பாளரின் தொலைபேசி எண் வகுப்பு நடக்கும் இடத்தின் சுவரில் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் தெரியும்படி ஒட்டப்பட்டிருக்க வேண்டும்.

நல்ல பயிற்சியில் என்ன நடக்கும்?

திரையில் படம் காட்டி மூன்று மணி நேரம் பேசிவிட்டு, குழுப்படம் எடுத்துக்கொண்டு, சான்றிதழ் வழங்கிக் கலைவதைப் பயிற்சி என்று ஏற்றுக்கொள்ள வேண்டாம். நல்ல பயிற்சியின் நடுவில், பங்கேற்பவர் இருவர் இருவராக உட்கார்ந்து பேசிப் பழகும் ஒரு பகுதி கட்டாயம் இருக்கும். ஒருவர் எட்டு வயதுப் பிள்ளையாக இருந்து, "டீச்சர், ஒன்னு சொல்றேன், நீங்க யார்கிட்டயும் சொல்லக்கூடாது" என்று தொடங்குவார். மற்றவர் பதில் சொல்ல வேண்டும். முதல் முறை ஏறக்குறைய எல்லாரும், "சரிம்மா, சொல்லமாட்டேன், நீ சொல்லு" என்றுதான் சொல்வார்கள்; அன்பினால் வரும் பதில் அது. ஆனால் அந்த வாக்கைக் காப்பாற்ற முடியாது, காப்பாற்றவும் கூடாது. பின்னால் அது உடையும்போது பிள்ளை இரண்டாம் முறையாக ஏமாற்றப்படுகிறது. பயிற்றுநர் நிறுத்தித் திருத்துவார்: "நீ சொல்றதை நான் கவனமா கேக்கறேன். உனக்கு உதவி பண்ண யார்கிட்டயாவது சொல்லணும்னா, அவங்ககிட்ட மட்டும் சொல்லுவேன். உன்கிட்டயும் சொல்லிட்டுத்தான் செய்வேன்." இதை வாய்விட்டு மூன்று நான்கு முறை சொல்லிப் பழகியவருக்குத்தான் உண்மையான நாளில் நாக்கு எழும்.

அடுத்து கேள்விகள். "அப்புறம் என்ன நடந்துச்சு?" என்று கேட்கலாம். "அந்த மாமா உன்னை இங்க தொட்டாரா?" என்று கேட்கக்கூடாது. பிள்ளையின் வாயில் நாமே சொல்லை வைத்துவிட்டால், பின்னால் அது சொல்லிக்கொடுத்த கதை என்று வாதிட இடம் கிடைத்துவிடும். 2007ஆம் ஆண்டின் சிறார் சாட்சியச் சட்டத்தின் கீழ், பிள்ளையிடம் பயிற்சி பெற்ற அதிகாரி நடத்தும் நேர்காணலின் ஒளிப்பதிவை நீதிமன்றத்தில் சாட்சியமாக முன்வைக்க முடியும். அந்த நேர்காணலுக்கு முன்பு டியூஷன் ஆசிரியர், அத்தை, கோயில் தலைவர் என்று நான்கு பேர் நான்கு விதமாகத் துருவிக் கேட்டிருந்தால் அதன் வலு குறையும். பிள்ளை தானாகச் சொன்னதை மட்டும் கேட்டு, நம்புகிறேன் என்றும் உன்மேல் தப்பில்லை என்றும் சொல்லி, அன்றே எழுதிவைப்பதோடு கேட்பவரின் வேலை முடிகிறது. எழுதும்போது பிள்ளை எந்தச் சொல்லைச் சொன்னதோ அதே சொல்லை எழுத வேண்டும். உறுப்பைக் குறிக்க அது வீட்டுச் சொல்லைச் சொல்லியிருந்தால் அதையே எழுத வேண்டும். தேதி, நேரம், இடம், யார் யார் இருந்தார்கள் என்பவற்றோடு கையெழுத்தும் இட வேண்டும். பயிற்சியில் ஒவ்வொருவரும் இப்படி ஒரு குறிப்பை எழுதி, பயிற்றுநர் அதைத் திருத்தித் தருவது மிகச் சிறந்த முறை. பாலியல் தாக்குதல் அண்மையில் நடந்திருந்தால் பிள்ளையைக் குளிப்பாட்டாமல், உடையைத் துவைக்காமல், அரசாங்க மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்ல வேண்டும் என்பதையும், மருத்துவ, காவல், சமூக நல உதவிகளை ஒரே இடத்தில் ஒருங்கிணைக்கும் நெருக்கடி உதவி மையம் அங்கே செயல்படும் முறையையும் பயிற்சி சொல்லித்தர வேண்டும்.

வசப்படுத்தும் முறையைப் பற்றிய பகுதி எப்படி நடத்தப்படுகிறது என்பதும் ஒரு நல்ல அளவுகோல். அந்நியர் மிட்டாய் காட்டிக் கூப்பிடுவதைப் பற்றி மட்டுமே பேசினால் அந்தப் பயிற்சி பழையது. பிள்ளைகளுக்குத் தீங்கு செய்பவர் பெரும்பாலும் பிள்ளைக்குத் தெரிந்தவர், குடும்பத்தாலும் நம்பப்படுபவர். கைத்தொலைபேசிக்கு டாப்-அப் போட்டுக்கொடுப்பது, ஒரு பிள்ளையை மட்டும் ரொட்டி சானாய் வாங்கித்தர அழைத்துப் போவது, அம்மாவுக்குப் பண உதவி செய்து வீட்டுக்குள் உரிமை பெறுவது, பிறகு நமக்குள் மட்டும் இருக்கட்டும் என்று சிறு இரகசியங்களைத் தொடங்குவது என்று அது படிப்படியாக நகர்கிறது. ரிச்சர்ட் ஹக்கிள் என்ற பிரிட்டிஷ்காரர் மலேசியாவில் ஏழைக் குடும்பங்களிடையே ஆங்கிலம் சொல்லித்தருபவராகவும் உதவி செய்பவராகவும் நெருங்கிப் பல ஆண்டுகள் பிள்ளைகளைச் சீரழித்ததும், 2016இல் லண்டன் நீதிமன்றம் அவருக்கு 22 ஆயுள் தண்டனைகள் விதித்ததும் எல்லாரும் அறிந்த செய்தி. சட்டம் 792 நடப்புக்கு வந்தது அதற்கு அடுத்த ஆண்டு. உதவி செய்ய வந்தவரை எப்படி விசாரிப்பது என்று நம் கூச்சமே நம்மைத் தடுக்கிறது. அந்தக் கூச்சத்தைக் களைவதும் பயிற்சியின் வேலை. சிறாருக்கு எதிரான குற்றங்களில் தண்டனை பெற்றவர்களின் பதிவேடு ஒன்று சிறார் சட்டத்தின் 2016ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழியே உருவானது. பிள்ளைகளோடு வேலை செய்ய ஒருவரைச் சேர்க்குமுன் சமூக நலத் துறையின் வழியே அதைச் சரிபார்க்கக் கேட்கலாம் என்பதைப் பொறுப்பாளர் அறிந்திருக்க வேண்டும். பதிவேட்டில் பெயர் இல்லாததாலேயே ஒருவர் நல்லவர் என்று ஆகிவிடாது என்பதையும் சேர்த்தே அறிந்திருக்க வேண்டும்.

நம் ஊருக்கென்று வேண்டியவை

தோட்டப் பட்டணத்தில் எல்லாரும் எல்லாருக்கும் சொந்தம் அல்லது பழக்கம். புகாருக்கு ஆளானவர் பிள்ளையின் சித்தப்பாவாக இருப்பார். கோயில் நிர்வாகத்தில் பொருளாளராகவும் இருப்பார். பிள்ளை சொன்னதைக் கேட்டவருக்கு அவசரத்துக்குக் கடன் கொடுத்தவராகவும் இருப்பார். அதனால் விஷயம் வெளியே வந்ததும் நான்கு பெரியவர்கள் கூடி, பெண்பிள்ளை விஷயம், ஊர் வாய்க்கு அவல் ஆகிவிடும், பேசித் தீர்த்துக்கொள்வோம் என்று முடிவெடுப்பது நடக்கிறது. சாமி முன்னால் சத்தியம் வாங்குவார்கள். அவரை வேறு தோட்டத்துக்கு அனுப்பிவைப்பார்கள். அங்கேயும் பிள்ளைகள் இருக்கிறார்கள். பிள்ளைக்குக் கிடைக்கவேண்டிய மருத்துவ உதவியும் மனநல உதவியும் அத்தோடு நின்றுபோகின்றன. குற்றத்தை அறிந்தும் மறைத்ததால் கூடிப் பேசியவர்களும் சட்டத்தின் பிடிக்குள் வருகிறார்கள். இதை நேருக்கு நேர், மரியாதை குறையாமல், நிர்வாகப் பெரியவர்களிடம் எடுத்துச் சொல்லும் திறமை பயிற்றுநருக்கு இருக்க வேண்டும். ஏற்பாடு செய்யும்போதே, ஒரு மணி நேரமாவது தலைவரும் செயலாளரும் பொருளாளரும் உட்காரவேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். கீழே இருப்பவர்களை மட்டும் பயிற்சிக்கு அனுப்பினால், அவர்கள் கொண்டுவரும் புகார் மேலே போய் முடங்கிவிடும்.

வறுமையைப் புறக்கணிப்பிலிருந்து பிரித்துப் பார்க்கவும் பயிற்சி கற்றுத்தர வேண்டும். காலையில் பசியோடு வரும் எல்லாப் பிள்ளைகளும் புறக்கணிக்கப்பட்டவர்கள் அல்லர். சில வீடுகளுக்குச் சமூக நல உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க வழிகாட்டினால் போதும். அதேபோல் பிறப்புப் பத்திரமோ அடையாள அட்டையோ இல்லாத பிள்ளைகள் தோட்டப்புறங்களில் இன்னமும் இருக்கிறார்கள். காவல் நிலையம் போனால் பத்திரம் கேட்பார்கள் என்ற பயத்தில் அவர்களின் குடும்பங்கள் வாய் மூடிக்கொள்கின்றன. சிறார் சட்டம் 18 வயதுக்குட்பட்டவர் என்று மட்டுமே சொல்கிறது. பத்திரம் உள்ளவரா என்று பிரிப்பதில்லை. நகரத்தில் இருந்து வரும் பயிற்றுநருக்கு இவை தெரிந்திருக்க வாய்ப்பு குறைவு என்பதால், பயிற்சிக்கு முன்பே அவரோடு அரை மணி நேரம் பேசி, நம் பிள்ளைகளின் நிலைமையைச் சொல்லிவைப்பது நல்லது.

பயிற்றுநரைத் தேர்ந்தெடுக்கும்போது, அவர் சமூகப் பணியிலோ, சிறார் மருத்துவத்திலோ, மனநல ஆலோசனையிலோ, சிறார் விசாரணையிலோ நேரடியாக வேலை செய்தவரா என்று கேளுங்கள். சிறாருக்கு எதிரான பாலியல் கொடுமையைத் தடுப்பதையே முழு வேலையாகக் கொண்ட பி.எஸ். தி சில்ட்ரன் போன்ற அரசு சாரா அமைப்புகள் நாட்டில் உள்ளன. மாவட்டச் சமூக நல அலுவலகத்தையும், காவல்துறையில் பாலியல், மகளிர், சிறார் குற்றங்களை விசாரிக்கும் டி11 பிரிவையும் சொற்பொழிவுக்கு அழைக்கலாம். அவர்களின் முகம் தெரிந்திருப்பது பின்னால் தொலைபேசியை எடுக்கும் தயக்கத்தைக் குறைக்கும். ஆனால் சொற்பொழிவை பேசிப் பழகும் பயிற்சிக்கு மாற்றாகக் கொள்ள வேண்டாம். மலாயில் உள்ள கையேடு பரவாயில்லை. பேசிப் பழகும் பகுதி மட்டும் தமிழில் நடக்க வேண்டும், ஏனெனில் பிள்ளை சொல்லப்போவது தமிழில்தான்.

உண்மைச் சம்பவங்களின் படங்களையும், அடையாளம் தெரியும்படியான உள்ளூர்க் கதைகளையும் காட்டும் பயிற்றுநரைத் தவிர்த்துவிடுங்கள். பாதிக்கப்பட்ட பிள்ளையின் பெயரையோ படத்தையோ ஊடகங்கள் வெளியிடுவதைச் சிறார் சட்டத்தின் 15ஆவது பிரிவு தடுக்கிறது. வாட்சாப் குழுக்களிலும் அதே கட்டுப்பாட்டை நாம் காக்க வேண்டும். இன்னொன்றையும் முன்கூட்டியே கேட்டுவையுங்கள்: பங்கேற்பவர்களில் சிலர் சிறுவயதில் தாமே இத்தகைய கொடுமைக்கு ஆளானவர்களாக இருக்கக்கூடும். பயிற்சி நடக்கும்போது அவர்கள் எழுந்து வெளியே போனால், கூடப் போய் உட்கார ஒருவர் ஏற்பாடு செய்யப்பட்டிருக்கிறாரா? இந்தக் கேள்விக்குப் பயிற்றுநர் உடனே பதில் சொன்னால் அவர் அனுபவமுள்ளவர் என்று நம்பலாம்.

ஒரு முறை முடித்த பயிற்சி வாழ்நாள் முழுவதற்கும் போதாது. இங்கிலாந்துப் பள்ளிகளில் பாதுகாப்புப் பொறுப்பாளர்கள் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பயிற்சியைப் புதுப்பிக்க வேண்டும் என்ற விதி உண்டு. நாமும் அதையே அளவாக வைத்துக்கொள்ளலாம். யார், எந்தப் பயிற்சியை, எந்தத் தேதியில் முடித்தார் என்று ஒரு பதிவேடு வேண்டும். ஆண்டின் நடுவில் புதிதாக வந்து சேரும் தேவார ஆசிரியரோ துணைப் பயிற்றுநரோ, பயிற்சியை முடிக்கும்வரை தனியாக வகுப்பு எடுக்காமல், முடித்த ஒருவரோடு சேர்ந்தே எடுப்பது என்று நிர்வாகம் முடிவுசெய்துவிட்டால், அடுத்த பயிற்சித் தேதி சில மாதங்கள் தள்ளி இருந்தாலும் வகுப்பை நிறுத்தவேண்டியதில்லை.